கழிவுச் சீட்டில் நாளையின் விலை

இலங்கையின் நானுஓயாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டி வரும். வந்த கையோடு லயத்து வாசல்களில் சீட்டுக் கூடும். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபா, பத்து மாதம் என்று ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். மாதந்தோறும் திரளும் தொகை 50,000. முதல் சீட்டு பிடிக்கிறவருக்கு. இரண்டாம் மாதத்திலிருந்து கழிவு கேட்பார்கள். ஒருத்தி, "அக்கா, மகனுக்கு டியூஷன் காசு கட்டணும், நாலாயிரம் கழிச்சுக்கிட்டுக் குடுங்க" என்கிறாள். அடுத்தவள் ஆறாயிரத்துக்கு ஏற்றுகிறாள். மழைக்கு முன்னால் கூரைத் தகடு மாற்றியாக வேண்டிய ஒருத்தி எட்டாயிரம் என்கிறாள். அதற்கு மேல் யாரும் போகவில்லை. 42,000 ரூபா அவள் கைக்கு வருகிறது. கழித்த 8,000 பத்துப் பேருக்கும் பங்காகி, அந்த மாதம் ஆளுக்கு 4,200 கட்டினால் போதும்.

இன்றைக்கு இவ்வளவா, பிறகு அவ்வளவா என்று பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் மாணவர்களை உட்காரவைத்துக் கேட்டு அளக்கிற ஒன்றை, இந்தப் பெண்கள் சொந்தக் காசை வைத்து அளந்துவிட்டார்கள். எட்டு மாதம் பொறுத்திருந்தால் கடைசிச் சீட்டாக 50,000 முழுதாக அவளுக்கு வந்திருக்கும். அதை விட்டு 42,000ஐ இப்போதே எடுத்தாள். கணக்குப் போட்டால் மாதம் ஏறத்தாழ 2.2 வீதம், கூட்டு வட்டியாக ஆண்டுக்கு 30 வீதம் வரை போகும். நாளைய ரூபாவைக் கொடுத்து இன்றைய ரூபாவை வாங்க அவள் தந்த விலை அது. பொருளியலாளர் இதைக் கழிவு வீதம் என்பார்கள். வீதம் ஏற ஏறப் பொறுமை குறைவு என்பது அவர்களுடைய பழைய வாசிப்பு. அந்த வாசிப்பைத்தான் இந்த அத்தியாயம் சோதிக்கப்போகிறது. அந்த 30 வீதம் அவளுடைய குணத்தின் அளவா, அல்லது அவளுக்குக் கிடைக்கக்கூடிய 'பிறகு' எப்படிப்பட்டது என்பதன் அளவா?

முதலில் கோட்பாடு. 1937இல் போல் சாமுவேல்சன் ஒரு குறுங்கட்டுரையில், ஒருவர் எதிர்காலத்தை எடைபோடும் விதம் முழுவதையும் ஒரே எண்ணில் அடக்கிக் காட்டினார். ஒவ்வொரு மாதம் தள்ளிப்போகும்போதும் பயனின் மதிப்பு அதே விகிதத்தில் தேயும். கணக்குப் போட வசதியான இந்த முறை மனித மனத்தின் உண்மைச் சித்திரம் என்று சாமுவேல்சன் சொல்லவில்லை. அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் அந்தக் கட்டுரையிலேயே எச்சரித்தார். பின்னால் வந்தவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

1981இல் ரிச்சர்ட் தேலர் அந்த எண்ணைச் சோதித்தார். இன்று 15 டொலர் கிடைக்கும், அதைத் தள்ளிப்போட எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். நடுவான பதில்கள், ஒரு மாதம் என்றால் 20 டொலர், ஒரு வருடம் என்றால் 50, பத்து வருடம் என்றால் 100. ஆண்டு வீதமாக மாற்றினால் முதல் பதில் 345 வீதம், இரண்டாவது 120, மூன்றாவது 19. ஒரே ஆட்கள், மூன்று எண்கள். கிட்ட உள்ள காத்திருப்பு மிகவும் வலிக்கிறது, தூரத்துக் காத்திருப்பு அவ்வளவாக வலிப்பதில்லை.

புறாக்களை வைத்து இதே போக்கை ஒரு வளைவாக வரைந்தவர்கள் உளவியலாளர்கள். ஜேம்ஸ் மேசூர் 1987இல் தந்த சூத்திரம் எளிது. கிடைக்கப்போகும் தொகையை, ஒன்றோடு காத்திருப்பு நாட்களின் ஒரு மடங்கைக் கூட்டி வகுக்க வேண்டும். ஒரு நாளுக்கு 0.1 என்று எடுத்துப் பார்ப்போம். இன்றைக்கு 1,000 ரூபாவா, ஒரு வாரத்தில் 1,300 ரூபாவா? 1,300ஐ 1.7ஆல் வகுத்தால் 765. இன்றைய ஆயிரம்தான் வெல்லும். அதே தேர்வை முப்பது நாள் தள்ளி வைப்போம். 1,000ஐ 4ஆல் வகுத்தால் 250, 1,300ஐ 4.7ஆல் வகுத்தால் 277. இப்போது பெரிய தொகை வெல்கிறது. ஒரு மாதம் முன்னால் நின்று பார்க்கும்போது பொறுமையாகத் தீர்மானிக்கிறவர், அந்த நாள் வந்து நின்றதும் தன் தீர்மானத்தைத் தானே கவிழ்க்கிறார். மார்கழியில் போட்ட திட்டம் தைப்பொங்கலுக்கு முதல் நாள் நுவரெலியா கடைத்தெருவில் கரைந்துபோவதை விளக்க இந்த இரண்டு வரிக் கணக்கே போதும். ஏழைக்கும் பணக்காரருக்கும், படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இந்த வளைவு பொது.

ஆனால் இந்த வளைவு தனக்குள் இருப்பதை மனிதர் அறிந்திருக்கிறார்கள். அறிந்து, தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்ள வழி தேடுகிறார்கள். எனக்கு இதுதான் இந்தத் துறையிலேயே மிக முக்கியமான கண்டுபிடிப்பாகப் படுகிறது. மைசூரில் கணினியில் தரவு பதியும் வேலையாட்களுக்கு ஒரு விசித்திரமான ஒப்பந்தம் முன்வைக்கப்பட்டது. ஒரு இலக்கை அவர்களே வைத்துக்கொள்ளலாம். இலக்கை எட்டினால் வழக்கமான கூலி, எட்டாவிட்டால் பாதிக் கூலி. இலக்கு வைப்பதால் ஒரு சதம்கூடக் கூடுதலாகக் கிடைக்காது, நட்டம் மட்டும்தான் வரலாம். அப்படியிருந்தும் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான தடவைகளில் அவர்கள் இலக்கை வைத்துக்கொண்டார்கள். சுப்ரீத் கவுர், மைக்கல் கிரெமர், செந்தில் முல்லைநாதன் மூவரும் 2015இல் இதை வெளியிட்டார்கள். வாரச் சம்பள நாள் நெருங்க நெருங்க வேலையின் அளவு கூடியதையும் அதே ஆய்வு பதிவுசெய்தது.

இந்தக் கண்ணோடு சீட்டுக்குத் திரும்பினால் கடைசிச் சீட்டுக்காரி வேறு மாதிரித் தெரிவாள். கழிவுச் சீட்டில் காத்திருப்பவளுக்கு மாதாமாதம் கழிவில் பங்கு கிடைக்கிறது. அதை வட்டி என்று கொள்ளலாம். குலுக்குச் சீட்டில் அதுவும் இல்லை. பெயர் எப்போது விழுந்தாலும் தொகை ஒன்றே. கடைசியில் எடுப்பவள் ஒன்பது மாதம் வட்டியில்லாமல் மற்றவர்களுக்குக் கடன் கொடுத்தவள் ஆகிறாள். அடுத்த சுற்றிலும் சேருகிறாள். ஏன்? 5,000 ரூபாவை அலுமாரியில் வைத்தால் அது பத்து மாதம் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் செலவழிக்காவிட்டாலும் வீட்டில் வேறொருவர் செலவழிப்பார். தோட்டங்களில் பெண்ணின் சம்பளத்தைக் கணவரோ தகப்பனோ வாங்கிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. "சீட்டுக்குக் கட்டணும்" என்பது வீட்டில் யாரும் எதிர்த்துப் பேச முடியாத ஒரு பதில். நைரோபியின் கிபேரா குடியிருப்பில் இப்படியான சீட்டுகளை ஆராய்ந்த சிவான் அன்டர்சனும் ஜோன்-மரி பலாந்தும் 2002இல் இதே முடிவுக்கு வந்தார்கள். சேமிப்பைக் கணவனின் கைக்கு எட்டாமல் வைக்கவே பல மனைவிமார் சேர்ந்திருந்தார்கள்.

தேயிலைத் தோட்டத்திலேயே நடந்த சோதனையும் ஒன்று உண்டு. மலாவி நாட்டில் கொழுந்து பறிப்பவர்களிடம், சம்பளத்தில் ஒரு பகுதியை மூன்று மாதம் நிறுத்திவைத்துக் கடைசியில் மொத்தமாகத் தரவா என்று கேட்டார்கள். வட்டி கிடையாது. ஏட்டுக் கணக்கின்படி புத்தியுள்ள எவரும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஏறத்தாழ பாதிப் பேர் வேண்டும் என்றார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அப்படிச் சேர்ந்தவர்களின் வீடுகளில் நிலையான திருத்தங்கள் நடந்திருந்தன. 2021இல் வெளியான அந்த ஆய்வின் தலைப்பே 'எனக்குப் பிறகு தா' என்கிற பொருளில்தான் அமைந்தது. அன்றன்றைக்கு வாழ்கிறவர்கள், நாளையைப் பற்றி நினைக்காதவர்கள் என்று தோட்ட மக்களைப் பற்றித் துரைமார் காலத்திலிருந்து சொல்லப்பட்டுவரும் பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியாது.

அந்தப் பேச்சு பிறந்த காலத்தையும் பார்க்க வேண்டும். ரயில் பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. கீழே தேயிலை போயிற்று, மேலே அரிசி வந்தது. அந்த அரிசியின் விலை கூலியில் கழிக்கப்பட்டது. அதற்கும் முன்னால், தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முற்பணம் இருந்தது. வழிச் செலவு, சாப்பாடு, ஊரில் அடைத்த பழைய கடன், எல்லாம் ஆளின் பெயரில் ஏறின. தோட்டத்தில் முதல் கொழுந்தைக் கிள்ளுவதற்கு முன்பே அவருடைய அடுத்த பல மாதங்கள் விற்கப்பட்டிருந்தன. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். இவர்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று எழுதிய சீட்டு அது. ஆள் தேவைப்பட்ட தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்தது. கடன் தீரவில்லை, கை மாறியது, மாறும்போது வளர்ந்தது. 1921இல் சட்டம் வந்து துண்டு முறையை ஒழித்தது.

'இப்போதே வேண்டும்' என்பது அந்த மக்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த குணம் என்றால், முற்பணத்தைக் கண்டுபிடித்தவர்கள் யார்? உழைப்பாளியை மலையில் பிடித்துவைக்க எதிர்காலத்தை முன்கூட்டியே விலைக்கு வாங்குவதைவிட மலிவான வழி இல்லை என்று கண்டவர்கள் தோட்ட முதலாளிகள். இன்றும் ஆண்டுக்கொரு முறை தீபாவளி முற்பணம் கிடைக்கிறது. அடுத்த மாதங்களின் சம்பளத்தில் கழிகிறது. அந்த முற்பணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும் வழி வேறு இல்லாத வீட்டுக்கு அது பிள்ளைகளின் புதுத்துணி. ஆனால் கையில் 'இப்போது' சுலபமாக வந்துசேரும்படியும் 'பிறகு' சிரமப்பட்டு வந்துசேரும்படியும் நூற்றைம்பது ஆண்டு ஒரு கூலி முறை நடந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டு, அதற்குள் வாழ்கிறவர்களின் பொறுமையை மட்டும் அளப்பது சரியான அறிவியல் ஆகாது.

நெருக்கடி மூளையை என்ன செய்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடமிருந்தே ஆதாரம் கிடைத்தது. 54 கிராமங்களில் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். முன்னால் 78 வீதமானோர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்னால் 4 வீதம். அதே ஆட்கள், சிந்தனைத் திறனைச் சோதிக்கும் புதிர்களில் காசு வந்த பிறகு தெளிவாகச் செய்தார்கள். சயன்ஸ் இதழில் 2013இல் இது வெளிவந்தது. ஐந்தாம் திகதிக்கும் பத்தாம் திகதிக்கும் இடையில் கடைக் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டில் எடுக்கப்படும் முடிவும், பதினோராம் திகதி எடுக்கப்படும் முடிவும் ஒரே மனத்திலிருந்து வருவதாக நினைக்கவே கூடாது.

இனி, பொறுமையை அளக்கப் பயன்பட்ட மார்ஷ்மெலோ. மேலை நாட்டு இனிப்பு அது. 1960களின் இறுதியிலிருந்து ஸ்டான்ஃபோர்ட் பாலர் பாடசாலையில் வோல்டர் மிஷெல் குழந்தைகள் முன்னால் ஒன்றை வைத்து, நான் வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்றார். காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பிலும் சிறந்தார்கள் என்ற செய்தி உலகெங்கும் பரவி, பெற்றோருக்கு உபதேசமாகவும் ஆயிற்று. 2018இல் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அந்தத் தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்தபோது மிச்சமிருந்ததிலும் பெரும்பகுதி போய்விட்டது.

இதைவிட முக்கியமானது ரொசெஸ்டரில் செலஸ்ட் கிட் குழுவினர் 2013இல் வெளியிட்ட சிறிய ஆய்வு. 28 குழந்தைகள். இனிப்பை வைப்பதற்கு முன்னால், ஒரு பெரியவர் நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு திரும்பி, மன்னித்துக்கொள்ளுங்கள், இல்லை என்றார். பிறகு இனிப்பு. சொன்ன சொல் நிறைவேறக் கண்ட பிள்ளைகள் சராசரி 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். ஏமாந்த பிள்ளை சீக்கிரம் சாப்பிட்டதில் என்ன தவறு இருக்கிறது? கிடைத்த தகவலைச் சரியாகப் பயன்படுத்தியது.

ஒரு தோட்டத் தொழிலாளிக்குச் சொல்லப்பட்ட 'பிறகு'களை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். நாள் சம்பளம் 1,000 ரூபா என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. 2016இல் 730, 2019இல் 750, அதற்குப் பிறகு ஒவ்வொரு மேடையிலும் வாக்குறுதி. 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் 900 அடிப்படையும் 100 கொடுப்பனவுமாக ஆயிரம் வந்தது. ஆறு ஆண்டு பொறுத்து வாங்கிய அந்த ஆயிரத்தை மறு ஆண்டே விலைவாசி தின்றது.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55இல் கைக்கு வரும். தானாகச் சேமிக்கத் தவறும் மனத்துக்கு இது நல்ல கட்டு; தேலர் பிற்காலத்தில் அமெரிக்கர்களுக்குப் பரிந்துரைத்ததை ஒத்த ஒன்று இலங்கையில் அப்போதே சட்டமாக இருந்தது. ஆனால் கட்டின் மறுமுனையைப் பிடித்திருப்பவரும் நேர்மையாக இருக்க வேண்டும். அரசுக்குச் சொந்தமான தோட்ட நிறுவனங்கள் சில, தொழிலாளியிடம் பிடித்த காசைக்கூட ஆண்டுக்கணக்கில் நிதிக்குக் கட்டாமல் வைத்திருந்தன. கட்டிய காசுக்கும் 2022 வந்தது. அந்த ஆண்டு நிதி கொடுத்த வட்டி 9 வீதம். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். நிதியில் இருந்த ஒரு லட்சம் 1,09,000 ஆயிற்று. ஒரு ஆண்டுக்கு முன் ஒரு லட்சத்துக்கு வாங்கிய பொருட்களின் விலை 1,69,800 ஆயிற்று. சட்டப்படி பொறுமையாக இருந்தவர்களின் லட்சம் 64,000 ரூபா பெறுமதிக்கு இறங்கியது. இரண்டாம் சீட்டை எட்டாயிரம் கழிவில் எடுத்து அன்றைக்கே தகடு வாங்கிக் கூரையில் அடித்தவளுக்கு அந்த இழப்பு இல்லை.

ஆகவே முன்பு கண்ட 30 வீதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிட்ட உள்ளதை நோக்கிச் சாயும் மனித மனத்தின் வளைவு அதில் ஒரு பங்கு. கூரை ஒழுகுவதன் அவசரம் ஒரு பங்கு. விலைவாசி ஒரு பங்கு. சொன்னவர் சொன்னபடி தருவாரா என்ற சந்தேகம் ஒரு பங்கு. கேள்வித்தாளில் இவை எல்லாம் ஒரே எண்ணாக விழுகின்றன. அந்த எண்ணைப் பார்த்து ஒரு சமூகத்துக்கே பொறுமையில்லை என்று எழுதுகிறவர், கடைசி மூன்றையும் மக்களின் தலையில் கட்டுகிறார். அதே மக்கள், தங்கள் கைக்குள் இருக்கிற 'பிறகு'க்காக எவ்வளவு நீண்ட காலமும் காத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளையை உயர்தரம் வரை படிக்கவைப்பது பதின்மூன்று ஆண்டுக் காத்திருப்பு. பத்துப் பெண்கள் முகம் பார்த்து நடத்தும் சீட்டில், முதலில் எடுத்தவள் கடைசி மாதம்வரை கட்டுவாள் என்று மற்ற ஒன்பது பேரும் நம்புகிறார்கள். ஒரே லயம், ஒரே பிரட்டுக்களம், ஒளிய இடமில்லை.

கம்பனிகளின் பொறுமையையும் இதே அளவுகோலால் அளக்கலாம். தேயிலை காத்திருப்பின் பயிர். மேட்டு நிலத்தில் நான்கைந்து ஆண்டுக்கொரு முறை கவ்வாத்து வெட்ட வேண்டும். வெட்டிய மலை சில மாதம் கொழுந்து தராது. புதிதாக நடுவதென்றால் இன்னும் நீளம். பழைய செடியைப் பிடுங்கி, மானா புல்லோ கௌதமாலா புல்லோ போட்டு மண்ணை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆறவிட வேண்டும் என்பது பக்கத்திலுள்ள தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரை. பிறகு நட்டு, ஒழுங்காகக் கொழுந்தெடுக்க மேலும் சில ஆண்டு. பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகை 1992இலிருந்து 53 ஆண்டு, அதாவது 2045 வரை. முடிவு நாள் நெருங்க நெருங்க, அதற்குப் பிறகுதான் நன்றாகப் பலன் தரும் செடியை நட யாருக்கு மனம் வரும்? ஆங்கிலேயர் காலத்து விதைத்தேயிலை இன்னும் பல மலைகளில் நிற்பதற்கு இது ஒரே காரணம் அல்ல. ஆனால் ஒரு காரணம். குத்தகைக் கம்பனி மறுநடுகையைத் தள்ளிப்போட்டால் முதலீட்டு முடிவு என்கிறோம். தொழிலாளி சேமிப்பைத் தள்ளிப்போட்டால் பழக்கக் குறை என்கிறோம். கணக்கு இரண்டுக்கும் ஒன்று.

கொழுந்து எடுப்பவரின் விரல் நுனியிலும் இதே தேர்வு நடக்கிறது. இன்னும் விரியாத அரும்பை இன்று கிள்ளினால் கொஞ்சம் நிறை சேரும். விட்டுவைத்தால் அடுத்த சுற்றில் முழுக் கொழுந்தாக வரும். நாளுக்கு இத்தனை கிலோ என்ற கட்டாயம் தலைக்கு மேல் நிற்கையில், அடுத்த சுற்றில் அந்த நிரையில் யார் நிற்பார் என்று தெரியாதபோது, விட்டுவைக்க என்ன காரணம்? சில கம்பனிகள் இப்போது குடும்பத்துக்குக் குறிப்பிட்ட தொகைச் செடிகளை ஒப்படைத்து, கொழுந்தின் வருமானத்தில் பங்கு தரும் முறையைக் கொண்டுவருகின்றன. அடுத்த சுற்றும் தன்னுடையதே என்றால் அரும்பை விட்டுவைப்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் அந்த முறையில் சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் என்ன ஆகும் என்று தொழிற்சங்கங்கள் கேட்கின்றன, சரியான கேள்வி. அதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒப்படைத்த மலை கவ்வாத்துக்கு வந்து, வெட்டிய செடி துளிர்க்கும்வரை வருமானமில்லாமல் நிற்கும் அந்த மாதங்களில், அந்தக் குடும்பத்தின் கடைக் கணக்கை யார் கட்டுவது என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா?